தாண்டிப்போகும் வசனங்கள்

பிரசங்கம் செய்கிறவரின் குரலில் சில இடங்களில் ஒரு வேகம் கூடும். யோபுவின் சரித்திரத்தைச் சொல்லிவருகிறவர் கடைசி அதிகாரத்துக்கு வந்ததும் அது கேட்கும். இழந்த ஆடுகளும் ஒட்டகங்களும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தன, பிள்ளைகளும் பத்துப் பேர் மறுபடி பிறந்தார்கள் என்று சொல்லி, அங்கிருந்து நேரே ஆசீர்வாதத்துக்குப் போய்விடுவார். வீடு இடிந்து விழுந்து செத்துப்போன முதல் பத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வேறொரு பிள்ளை பிறந்தால் போன பிள்ளைக்கு ஈடாகுமா என்ற கேள்வியை அவளிடம் யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பொருத்தனை பண்ணினால் நிறைவேற்ற வேண்டும் என்று போதிக்க யெப்தாவை எடுத்துக்கொள்கிறவர்களிடமும் இந்த வேகம் உண்டு. அப்பாவின் வாய்ச்சொல்லுக்காகப் பலியான அந்தப் பெண்ணுக்கு, தோழிகளோடு மலைகளில் திரிந்து தன் இளமைக்காக அழுதுவிட்டு வந்த அந்தப் பெண்ணுக்கு, ஒரு வாக்கியம்கூடக் கிடைக்காமல் பிரசங்கம் முடிந்துவிடும். வெளியே வந்து காலணியைத் தேடும்போது மனதில் ஏதோ சரியில்லாததுபோல் இருக்கும். பல ஆண்டுகளாக எனக்கு அப்படி இருக்கிறது. பேசினவர் படிக்காதவர் என்றால் இவ்வளவு யோசிக்கத் தோன்றாது. அவர் படித்தவர். இறையியல் கல்லூரியில் மூன்று நான்கு ஆண்டுகள் எபிரெயமும் கிரேக்கமும் தொட்டுப் பார்த்தவர். யெப்தாவின் மகளைப் பற்றி அங்கே ஒரு கட்டுரைகூட எழுதியிருப்பார். அந்தப் படிப்பு எங்கே போகிறது?

நான் குருப்பட்டம் பெறாதவன். எங்கள் சேகரத்தில் கிளைச்சபைகள் பல. சேகர குருவானவரால் எல்லா ஊருக்கும் எல்லா ஞாயிறும் வர முடியாது என்பதால் ஆராதனை நடத்தும் பொறுப்பு சபை ஊழியருக்கும் என்னைப்போன்ற சபையாருக்கும் வரும். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பீடத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. இளம் குருவானவர் ஒருவரிடம் மாற்கு நற்செய்தியின் முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 16-ஆம் அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் மிகப் பழைய முழுப்பிரதிகளான சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த இரண்டிலும் நற்செய்தி 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது; கல்லறையிலிருந்து நடுங்கி ஓடிப்போய், பயத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாத பெண்களோடு முடிந்துவிடுகிறது. இதை அவர் எனக்கு ஆர்வமாக விளக்கினார். அந்த முடிவு எவ்வளவு அழகு, கதையை முடித்துவைக்கும் பொறுப்பைக் கேட்கிறவர்களிடமே விட்டுவிடுகிறதே என்று முகம் மலர்ந்து சொன்னார். ஈஸ்டருக்கு இதையே பிரசங்கிக்கலாமே ஐயா என்றேன். "சார், அதை அங்கே நின்னு எப்படிச் சொல்ல முடியும்? ஜனங்க தாங்கமாட்டாங்க" என்றார். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது. அதில் பயம் இருந்தது. பயத்தைவிட அதிகமாக அன்பும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அன்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பன்னிரண்டு வசனங்களுக்குள்தான், விசுவாசிகள் நோயாளிகள்மேல் கைகளை வைப்பார்கள், அவர்கள் சொஸ்தமாவார்கள் என்ற வாக்குத்தத்தம் வருகிறது. காய்ச்சலில் கிடக்கும் மகளின் நெற்றியில் கை வைத்து, அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி விடியும்வரை உட்கார்ந்திருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். வேப்பெண்ணெய் வாசனையும் ஈரத்துணியும் முணுமுணுப்புமாகக் கிடக்கும் அந்த அறைக்குள் போய் நான்காம் நூற்றாண்டுப் பிரதியைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? அவளுடைய ஜெபம் பிரதிகளை நம்பி நிற்கவில்லை. அதனால் குருவானவர் பேசாமல் இருப்பதே சரி என்று சில நாள் தோன்றும். பிறகு வேறொரு வீட்டின் நினைவு வரும். மகள் பிழைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர், விசுவாசம் கொஞ்சம் குறைந்துபோச்சோ என்னவோ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாய் அதை மறுக்கவில்லை, நம்பினாள். வசனம் பொய்க்காது, ஆகவே குறை தன்னிடம்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். வேதாகமம் எப்படி உருவானது, அதிலுள்ள ஒரு வாக்கை எப்படி வாசிக்க வேண்டும், எங்கே அது நம்மேல் பாரமாகக் கூடாது என்றெல்லாம் கல்லூரியில் கற்ற ஒருவர் அந்த ஊரிலேயே இருந்தார். அவருடைய படிப்பு அவளுக்கு ஒரு குவளைத் தண்ணீராகக்கூட வந்துசேரவில்லை. சபையாரைக் காப்பாற்றுவதற்காக என்று மறைத்துவைத்த அறிவு, காப்பாற்ற வேண்டிய நேரத்தில் வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே கிடந்தது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கத் திருச்சபையில் அன்று திருக்குடும்ப விழா. அந்த வழிபாட்டு ஆண்டுக்குரிய நற்செய்தி வாசகம் மத்தேயு 2-ஆம் அதிகாரத்திலிருந்து: 13 முதல் 15 வரை, பிறகு 19 முதல் 23 வரை. யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். ஏரோது செத்ததும் திரும்பி வருகிறார். நடுவில் விடுபட்ட மூன்று வசனங்களில்தான் பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்படுவதும், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் வேண்டாம் என்பதும் வருகின்றன. குடும்ப விழாவில் அவற்றை விட்டுவிட நியாயமான காரணம் உண்டு; மாசில்லாக் குழந்தைகளுக்கென்று டிசம்பர் 28-இல் தனி விழா இருக்கிறது, அன்று அவை வாசிக்கப்படும். ஆனால் அந்த ஞாயிறு காலையில் கடல் உள்ளே வந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். குமரிக் கடற்கரையில் மீனவர் ஊர்ப் பங்குத்தந்தையர் ஒரே குழியில் பலரை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அவர்களில் குழந்தைகள் எத்தனையோ பேர். டிசம்பர் 28 அன்று வாசக ஏட்டைத் திறந்தவர்கள் முன்னால் ராகேல் வந்து நின்றாள். அன்றைக்கு அந்த வாசகத்தை வாசித்த குருக்களின் நிலையை நான் இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தீமை ஏன் இருக்கிறது என்பதற்கு இறையியலில் சொல்லப்பட்ட பதில்களை அவர்கள் எல்லோரும் படித்தவர்கள். அகஸ்தீன் சொன்னதும் அக்குவினாஸ் சொன்னதும் தேர்வில் எழுதியவை. அடுத்த ஞாயிறு ஜனவரி 2. அதற்குள் இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஊருக்கு வெளியேயிருந்து பேசுகிறவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். கரையில் நிற்கிறவர்களுக்கு அது பதிலாகவே தெரியவில்லை. பதில் கிடைக்காத ஒருவர் அடுத்து என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொள்ள, பட்டம் வாங்கி எத்தனை வருடமானாலும், அந்தக் கரையைத் தவிர வேறு வகுப்பறை இல்லை.

யோபுவின் நண்பர்கள் மூவரையும் பற்றி நல்லபடியாகச் சொல்ல ஒன்று உண்டு. ஏழு நாள் அவனோடு மண்ணில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் நல்ல மேய்ப்பர்கள். வாய் திறந்தபிறகு அவர்கள் சொன்னவையும் பொய்யில்லை. பெரும்பாலும் அந்தக் காலத்து நல்ல உபதேசம்தான். நல்லவன் செழிப்பான், துன்மார்க்கன் அழிவான், தேவன் காரணமில்லாமல் அடிக்கமாட்டார் என்பவை சங்கீதங்களிலும் நீதிமொழிகளிலும் இருப்பவை. அவர்களுடைய படிப்பு எப்போதோ முடிந்துபோயிருந்தது. எதிரே சாம்பலில் உட்கார்ந்திருந்தவனோ இன்னும் படித்துக்கொண்டிருந்தான், கேட்கக்கூடாதவற்றையெல்லாம் தேவனிடமே கேட்டு. கடைசியில் தேவன் அவர்களைப் பார்த்து நீங்கள் என்னைக் குறித்துச் சரியாய்ப் பேசவில்லை என்கிறார், யோபு உங்களுக்காக ஜெபிக்கட்டும் என்கிறார். இந்த இடத்தை ஒரு குருமார் கூட்டத்தில் தியானத்துக்கு எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று ஆசையோடு நினைத்துப் பார்ப்பேன்.

குருமாருக்கென்று ரிட்ரீட்கள் நடக்கின்றன, ரெஃப்ரெஷர் கோர்ஸ் நடக்கிறது. அவற்றின் அருமை தெரியாதவர்கள்தான் அவற்றை இளக்காரமாகப் பேசுவார்கள். வாரம் முழுக்கக் கல்யாணப் பதிவேடு, பள்ளிக்கூட நிர்வாகம், கோயில் கட்டடக் கணக்கு, அசனத்துக்கு அரிசி, கமிட்டித் தகராறு, ஆஸ்பத்திரி, அடக்கம் என்று ஓடுகிற ஒருவர் மூன்று நாள் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறப்பதே பெரிய காரியம். அங்கே வந்து பேசுகிற பேராசிரியர்களிடம் சரக்கு இருக்கிறது. என் சங்கடம் வேறு. அங்கே குருமார் குருமாரோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். புதிதாகக் கற்றது எதுவானாலும், ஊருக்குத் திரும்பியதும் ஏற்கெனவே பேசாமல் வைத்திருப்பவற்றோடு அதுவும் போய்ச் சேர்ந்துகொள்கிறது. அவர் மனதில் இருப்பதற்கும் வாயில் வருவதற்கும் உள்ள தூரம் ஒவ்வொரு கோர்ஸுக்குப் பிறகும் கொஞ்சம் கூடுகிறது. அந்தத் தூரத்தோடு முப்பது வருடம் ஊழியம் செய்வது ஒரு மனிதருக்கு எவ்வளவு தனிமை! ஓய்வுபெற்ற குருமார் சிலரிடம் பேசும்போது அந்தத் தனிமைதான் எனக்கு முதலில் தட்டுப்படுகிறது. சபையாருக்கோ வேறு ஏற்பாடு: எளிமையாக்கிய பாடம், தலைவர் பயிற்சி, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் வகுப்பு. கடினமானது அங்கே போயிற்று, இலகுவானது இங்கே வந்தது. கடினமான கேள்விகளைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் யார் என்று ஒருதரம் பார்த்திருந்தால் இப்படிப் பிரித்திருக்கமாட்டார்கள்.

இந்தப் பிரிவினை தொடக்கத்திலேயே இருந்ததாகத் தெரியவில்லை. தரங்கம்பாடியில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் அதற்குமுன் பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், உபதேசியார்களைப் பயிற்றுவிப்பதைத் தன் பணியின் நடுவே வைத்தார். கற்றவன் கிராமத்துக்குப் போனான், கிராமத்தின் கேள்வியோடு திரும்பி வந்தான். இன்று நாம் பட்டத்துக்காக அண்ணாந்து பார்க்கும் செராம்பூர்க் கல்லூரியை 1818-இல் நிறுவிய மூவரில் கேரி இளமையில் செருப்புத் தைத்தவர், வார்டு அச்சுத் தொழிலாளி. பின்னால் 1963-இல் குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியில் ரால்ஃப் வின்டரும் ஜேம்ஸ் எமரியும் ராஸ் கின்ஸ்லரும் செய்ததும் இந்தப் பழைய வழிக்குத் திரும்பியதுதான் என்று எனக்குப் படுகிறது. சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் வயலையும் குடும்பத்தையும் விட்டுக் கல்லூரி விடுதிக்கு வர முடியாதவர்கள். வந்து படித்தவர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே ஆசிரியரே வாராவாரம் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனார். வீட்டில் அவரவர் பாடத்தைப் படித்துவைப்பது, வாரம் முழுக்கச் சபையில் வேலை செய்வது, பிறகு கூடி உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பேசுவது. 1971-இல் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டீ என்ற விரிவாக்க இறையியல் கல்வி அமைப்பு அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. செராம்பூர் செனட்டும் வேலையை விடாமல் படிக்கிறவர்களுக்குக் கிறிஸ்தவப் படிப்பில் இளங்கலைப் பட்டம் தருகிறது. நம்மிடத்தில் பாடப்புத்தகம் நன்றாகவே வந்துசேர்ந்தது. கூடி உட்காருகிற பகுதிதான் சீக்கிரம் மெலிந்துபோகிறது, ஏனென்றால் அதற்குத்தான் ஆளும் நேரமும் வேண்டும். அதில்லாமல் போனால் மிஞ்சுவது தபாலில் வந்த படிப்பு.

மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கற்பித்துவந்தார். பரட்டை அண்ணன் என்றால் தெரியாத மாணவர் இருக்கமாட்டார். 2005-இல் மறைந்தார். கர்நாடக ராகங்களில் அமைந்த கீர்த்தனையும் மேலைநாட்டு மெட்டில் வந்த பாமாலையும் நிறைந்திருந்த வழிபாட்டுக்குள் அவர் பறையையும் கிராமியப் பாட்டையும் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை நற்செய்தியின் நடுவில் வைத்தார். எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது இன்னொன்று: கிராமத்தார் தம் பாட்டை எடுத்து மாற்றிப் பாடினால் அதைக் குறையாக எண்ணாதவர் அவர். பாட்டு எங்கே அவர்கள் வாயில் திரும்புகிறதோ அங்கே அவர்களுடைய இறையியல் பேசுகிறது என்று கேட்கத் தெரிந்த காது அவருக்கு இருந்தது. ஒரு பேராசிரியர் தம் பாடத்தின் திருத்தத்தைச் சேரியிலிருந்து பெற்றுக்கொள்வது தமிழ்க் கிறிஸ்தவத்தில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தில் எபேசுவுக்கு ஒருவர் வருகிறார். பெயர் அப்பொல்லோ. அலெக்சந்திரியாவில் பிறந்தவர், பேச்சு வல்லவர், வேதாகமங்களில் தேர்ந்தவர். இயேசுவைப் பற்றிச் சரியாகத்தான் போதிக்கிறார்; ஆனால் யோவானுடைய ஞானஸ்நானத்தோடு அவருக்குத் தெரிந்தது நின்றுவிடுகிறது. ஜெப ஆலயத்தில் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கூடாரம் செய்கிற தொழிலாளிகள். ரோமிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துவுக்கு வந்து, பவுலோடு சேர்ந்து தைத்து, அங்கிருந்து எபேசுவுக்கு வந்தவர்கள். பிரசங்கம் நடக்கும்போது அவர்கள் எழுந்து மறுக்கவில்லை. பேசாமல் வீட்டுக்குப் போய்க் குறை சொல்லிக்கொண்டிருக்கவும் இல்லை. அவரைத் தங்களிடம் அழைத்துக்கொண்டுபோய் தேவனுடைய வழியை இன்னும் திட்டமாக விளக்கினார்கள். அவர்கள் வீட்டுக்குள் என்ன பேசப்பட்டது என்பது எழுதப்படவில்லை. தோலோ ஆட்டுமயிர்த் துணியோ குவிந்துகிடக்கும் அறையில், வேலையை நிறுத்தாமல்கூடப் பேசியிருக்கலாம். பிரிஸ்கில்லாள் எவ்வளவு சொன்னாள், ஆக்கில்லா எவ்வளவு சொன்னான்? கற்றவர் கேட்டார் என்பது மட்டும் தெரிகிறது. அதற்குப்பின் அவர் அகாயாவுக்குப் போக விரும்பியபோது எபேசுவின் சகோதரர்கள் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொடுத்தார்கள். தொடர் இறையியல் கல்விக்கு இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. நம் சேகரங்களில் இது நடக்க என்ன தடை என்று கேட்டால், அழைக்கச் சபையாருக்குத் துணிவில்லை, அழைத்தால் வர குருவானவருக்கு வழியில்லை. ஐயாவுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதா என்ற கூச்சம் ஒரு பக்கம். சபையார் முன்னால் எனக்குத் தெரியாது என்று ஒருதரம் சொல்லிவிட்டால் பிறகு என்ன மரியாதை என்ற கவலை மறுபக்கம். அதையும் தாண்டி ஓரளவு பழக்கமாகி, நம்பிக்கை வந்து, திண்ணையில் உட்கார்ந்து பேசும் நிலை வரும்போது டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துவிடும்.

எங்கள் பகுதியில் பெண்கள் பலர் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு, அதில் வெட்டிய இலையும் தூளும். விரல்கள் தாமாக ஓடும். காது சும்மா இருக்கும். முன்பு அந்தக் காதுக்கு வானொலி இருந்தது, இப்போது செல்போன் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதில் யாரோ ஒருவர் பகல் முழுக்கப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பல மணி நேரம். சபையாருக்குத் தொடர்ந்து இறையியல் கற்பிக்க வேண்டும் என்று நாம் தீர்மானம் போடும்போது, அது தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். காணிக்கை அனுப்பினால் கடன் தீரும், வியாதி விசுவாசக் குறைவு என்ற செழிப்பு உபதேசமும் அங்கேதான் கற்கப்படுகிறது. சில நேரம் நல்ல வேதபாடமும்தான். அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் அப்படியே விழுங்குகிறவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு திண்ணையில், கடன் தீருமென்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா, "அப்போ இயேசப்பாவுக்கே தலைசாய்க்க இடமில்லாமப் போச்சே, அவருக்கும் விசுவாசம் பத்தலையாக்கும்?" என்று கேட்டார். கை நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார்கள். செல்போனுக்கு அது கேட்காது. கேட்க வேண்டிய ஒருவர் அங்கே இல்லை.

ஆகையால் என் யோசனை சிறியது. வருகிற ஞாயிறின் வேதபாடத்தை, பிரசங்கம் எழுதுவதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை மதியம் குருவானவர் ஒரு திண்ணைக்குக் கொண்டுவரட்டும். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்கட்டும். தமக்குப் பட்டதை அவர்கள் சொல்லட்டும். தாம் படித்ததை அவரும் மறைக்காமல் சொல்லட்டும். முதல் சில வாரம் யாரும் பேசமாட்டார்கள். ஐயா வந்திருக்கிறார் என்று சேலையை இழுத்துவிட்டு, நாற்காலி எடுத்துப் போட்டு, காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும், அதற்கும் பொறுமை வேண்டும். அதைவிட அதிகம் யோசிக்கவைப்பது வேறொன்று. எங்கள் சபையில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெருக்காரர்களும் இருக்கிறார்கள். ஞாயிறன்று ஒரே கூரையின்கீழ் உட்காருகிறார்கள், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறார்கள், செவ்வாய்க்கிழமை ஒருவர் திண்ணையில் மற்றவர் உட்காருவதில்லை. இந்தப் படிப்பு முதலில் எந்தத் தெருவில் தொடங்குகிறதோ அதை வைத்தே இது யாருடைய படிப்பு என்று ஊர் தீர்மானித்துவிடும். கீழத்தெருவில் தொடங்க வேண்டும், மேலத்தெருப் பெண்கள் அங்கே வர வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதைச் சொல்லப்போகிறேன்.